லெகஸியிலேயே விட்டிருக்கலாம்

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கேத்தரின் வந்துவிட்டாள். தோளில் தொங்கிய துணிப்பைக்குள் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி வைத்திருந்தாள்.

காக்ஸ் டவுனிலிருந்து ஜீவனஹள்ளிக்குத் திரும்பும் தெருவில், பேக்கரிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் இடையில் இருந்த பத்தடிக் கடை அது. முதலாளி நரேஷ். ரிப்பேர் பார்ப்பவள் சங்கமித்ரா. கேத்தரினுக்கும் அவளுக்கும் இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. கேத்தரின் கன்னியர் மடத்து ஹாஸ்டலில் சமையல் வேலை செய்தாள். தினமும் கடையைத் தாண்டித்தான் போவாள், போகும்போது ஒரு வார்த்தை பேசாமல் போகமாட்டாள்.

"ஆன் பண்ணா கறுப்பு ஸ்கிரீன்ல இங்கிலீஷ்ல ஏதோ வருதும்மா. அதுக்கு மேல போகவே மாட்டேங்குது. நாலு நாளா இதே பேஜாரு."

"வெச்சிட்டுப் போங்க ஆன்ட்டி, பார்க்கிறேன்."

"உள்ள இருக்கிறது எதுவும் போயிடக் கூடாது, ஆமா. டெரிக்கோட வீடியோ இருக்கு. சனிக்கிழமைக்குள்ள வேணும்."

"என்ன வீடியோ?"

கேத்தரின் ஜெராக்ஸ் கடைப் பக்கம் பார்த்தாள். அங்கே தெரிந்த முகங்கள் இரண்டு நின்றிருந்தன.

"வீட்டு வீடியோதான்," என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் பையை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சங்கமித்ராவுக்கு முப்பத்தாறு வயது. வைட்ஃபீல்டில் ஒரு பெரிய கம்பெனியில் ஒன்பது வருடம் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவள். அங்கே ஊழியர்களின் லேப்டாப்களை ஏற்பாடு செய்து கொடுக்கும் பிரிவில் இருந்தாள். போன மார்ச்சில் அந்தப் பிரிவையே கலைத்துவிட்டார்கள். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவளுக்கு, இரண்டு மாதம் அலைந்தபின் கிடைத்தது நரேஷின் கடைதான். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஸ்கிரீன் கார்டு ஒட்டுவதற்கும் சார்ஜர் விற்பதற்கும் நடுவே உட்கார்ந்திருக்கும்போது, தன்னையும் ஒரு தெருமுனை மெக்கானிக்காக எல்லோரும் நினைக்கிறார்கள் என்ற கசப்பு அவளுக்குள் ஊறிக்கொண்டே இருந்தது. அதனால் சின்ன வேலையைக்கூடக் கம்பெனியில் செய்த மாதிரியே செய்வாள். அதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது.

டெரிக்கின் லேப்டாப்பில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க அவளுக்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. உள்ளே காசு அளவில் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். லேப்டாப் தன் அமைப்புகளை மறக்காமல் இருப்பது அதனால்தான். அது செத்துப்போயிருந்தது. எல்லா அமைப்பும் தயாரித்த இடத்திலிருந்து வந்த நிலைக்குத் திரும்பியிருந்தது. ஆன் செய்ததும் விண்டோஸைத் தேடிப் பிடிக்க லேப்டாப்புக்கு இரண்டு முறைகள் உண்டு. பழையது லெகஸி, புதியது யுஇஎஃப்ஐ. இந்த லேப்டாப்பின் டிஸ்கான எஸ்எஸ்டியில் விண்டோஸைப் போட்டவர் பழைய முறைக்கு எழுதியிருந்தார். அமைப்பை மறந்துபோன லேப்டாப்போ புதிய முறையில் தேடியது. தேடியது கிடைக்காமல் கறுப்புத் திரையைக் காட்டிக்கொண்டு நின்றது.

புதுப் பேட்டரி வைத்து, அமைப்புக்குள் போய் லெகஸி என்று மாற்றினாள். லேப்டாப் திறந்தது. கால்பந்துச் சட்டையில் டெரிக் சிரிக்கும் படம் வந்தது.

அதோடு மூடி வைத்திருக்கலாம். கேத்தரின் கேட்டதும் அவ்வளவுதான்.

ஆனால் திறக்க இரண்டரை நிமிடம் ஆனதைப் பார்த்ததும் சங்கமித்ராவுக்கு எரிச்சல் வந்தது. நல்ல எஸ்எஸ்டி. இதைப் போட்டவர் யாரோ, பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்ததை அப்படியே பிரதி எடுத்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். இருப்பதோ பழைய விண்டோஸ், அதற்கு அப்டேட் நின்றுவிட்டது. புதியதைப் போடவேண்டுமானால் யுஇஎஃப்ஐ கட்டாயம். வைட்ஃபீல்டில் இருந்த காலத்தில் லெகஸியில் ஒரு லேப்டாப்கூட அவள் கையை விட்டுப் போனதில்லை. இதை இப்படியே கொடுத்தால் இரண்டு மாதத்தில் ஆன்ட்டி மறுபடியும் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வருவாள் என்று நினைத்தாள்.

போன் செய்து கேட்கலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. ஆன்ட்டிக்கு இதையெல்லாம் எப்படிப் புரியவைப்பது? கேட்டாலும், "நீ பார்த்துச் செய்மா" என்றுதான் சொல்வாள். போனை எடுக்கவில்லை.

உள்ளிருப்பதை அழிக்காமலே முறையை மாற்றித் தரும் கருவி ஒன்று உண்டு. அதை முதலில் ஓட்டிப் பார்த்தாள். டிஸ்க் நான்கு பாகமாகப் பிரிந்து கிடந்ததால் முடியாது என்று அது நின்றுவிட்டது. அப்படியானால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்து, டிஸ்கை முழுதாகத் துடைத்து, புதிதாக எழுதவேண்டும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் கடையின் ஹார்ட் டிஸ்கில் ஏற்றினாள். வீடியோ ஃபோல்டரைத் திறந்து பார்க்கவும் செய்தாள். ஒரு ஞானஸ்நானம், வேளாங்கண்ணிப் பயணம், யாரோ நண்பனின் கல்யாணம். வீட்டு வீடியோ. சரிதான்.

டி டிரைவில் பழைய கேம்கள் கிடந்தன. கூடவே வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர். அதனுள் நாலைந்து பெரிய ஃபைல்கள். ஒன்றைத் தட்டினாள். இதைத் திறக்க மென்பொருள் இல்லை என்றது. ஏதோ கேமின் மிச்சம் என்று எண்ணிக்கொண்டு மூடினாள். பிறகு டிஸ்க் முழுவதையும் துடைக்கும் கட்டளையைத் தட்டினாள்.

நாலு மணிக்கெல்லாம் லேப்டாப் பதினோரு விநாடியில் திறந்தது. நரேஷ் எட்டிப் பார்த்துவிட்டு, "சக்கத்தா இருக்கு அக்கா, புதுசு மாதிரி," என்றான். அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது சங்கமித்ராவின் மனதில் பல நாள் கழித்து ஒரு நிறைவு இருந்தது.

மறுநாள் மாலை டெரிக்கே வந்தான். இருபத்தாறு வயது, ஒல்லியான உடம்பு. வைட்ஃபீல்டில் பெரிய அடுக்குமாடி வளாகம் ஒன்றில் துப்புரவு சூப்பர்வைசர். வேலை நாளில் இந்த நேரத்துக்கு எப்படி வந்தான் என்று அவளுக்கு லேசாகத் தோன்றியது.

"சூப்பரா ஓடுதே அக்கா," என்று சிரித்துக்கொண்டே நின்றபடி திறந்து பார்த்தான். இரண்டு முறை தட்டினான். சிரிப்பு நின்றது. "டி டிரைவ் எங்கக்கா?"

"புதுசா எழுதினதால ஒரே டிரைவா வெச்சிருக்கேன்ப்பா. உன் வீடியோ எல்லாம் உள்ளதான் இருக்கு, இங்க பாரு."

அவன் ஞானஸ்நான வீடியோவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "இது இல்லக்கா. எண் போட்ட ஃபோல்டர் ஒண்ணு இருந்துச்சு. சிசிடிவி ஃபுட்டேஜ்."

அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். வீட்டு விஷயத்தைக் கடையில் வைத்துச் சொல்லவேண்டிய கூச்சத்தோடு மெதுவாகச் சொன்னான். ஐந்து வாரத்துக்கு முன்பு அந்த வளாகத்தின் ஏழாம் மாடி வீடொன்றில் நான்கு வளையல்கள் காணாமல்போயின. இரண்டு மணிக்கு மேஜைமேல் இருந்தவை மூன்று மணிக்கு இல்லை என்று அந்த வீட்டம்மா சொன்னாள். ஒன்று ஐம்பதுக்கு டெரிக் ஏழாம் மாடியில் லிஃப்டை விட்டு இறங்கியது அங்கிருந்த கேமராவில் பதிவாகியிருந்தது. அன்றைக்கே அவனை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். ஆனால் உடனே படிக்கட்டில் இறங்கிவிட்ட அவன், இரண்டு மணி முதல் மூன்றரை மணி வரை கீழே தரைக்கடியில் குப்பை பிரிக்கும் இடத்தில்தான் இருந்தான். அங்கேயும் ஒரு கேமரா உண்டு. தெரிந்த காவலாளி ஒருவன் யாருக்கும் சொல்லாமல் அந்தப் பதிவை எடுத்துக் கொடுத்தான். விசாரணையை இரண்டு தடவை தள்ளிப்போட்டு, கடைசியில் இந்தச் சனிக்கிழமை வைத்திருக்கிறார்கள்.

"அந்த கேமராவிலேயே இருக்காதா?"

"முப்பது நாள்தான் இருக்கும்க்கா. அப்புறம் அதுமேலயே எழுதிடும்."

"போன்ல போட்டு வெக்கலையா?"

"போன்ல ஓடாது. அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர், அது வேலை இடத்து ஆபீஸ்லதான் இருக்கு. லேப்டாப்ல பத்திரமா இருக்குன்னு நினைச்சேன்."

சங்கமித்ரா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "விட்டுட்டுப் போ டெரிக். எடுக்க முடியுதான்னு பார்க்கிறேன். அம்மாகிட்ட இப்ப எதுவும் சொல்லாத."

அவன் போனதும் தொலைந்த ஃபைலைத் தேடும் மென்பொருள் ஒன்றை ஓட்டினாள். அது டிஸ்கின் மூலைமுடுக்கெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வெறும் பூஜ்யங்களைக் கொண்டுவந்து காட்டியது. வியாழக்கிழமை டிஸ்கைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போனாள். மூன்றாம் மாடியில் டேட்டா மீட்கும் ஆள் ஒருவர் இருந்தார். தன் இயந்திரத்தில் பொருத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஹார்ட் டிஸ்கா இருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம் மேடம். எஸ்எஸ்டி அப்படி இல்ல. அழிச்சதுன்னு தெரிஞ்சா அதுவே உள்ள தொடச்சு வெச்சிக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தெரிந்துதான் போயிருந்தாள்.

கடைக்குத் திரும்பியதும் நரேஷ் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான். "டிஸ்க் செத்துப்போச்சுன்னு சொல்லிடுங்க அக்கா. எஸ்எஸ்டி சொல்லாம கொள்ளாமதான் சாகும், எல்லாருக்கும் தெரியும். வேற ஒண்ணு நானே போட்டுத் தர்றேன். யார் போய் செக் பண்ணப் போறாங்க?"

"டெரிக் திறந்து பார்த்துட்டான் நரேஷ். ஓடுறதைப் பார்த்துட்டான்."

"அதுக்கப்புறம் போச்சுன்னு சொல்லுங்க."

அவள் டிஸ்கைப் பழையபடி லேப்டாப்பில் மாட்டத் தொடங்கினாள். அன்றிரவு சாப்பாட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். கணவன் ரவி என்னவென்று கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை கேத்தரினின் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறையும் சமையலறையும். சுவரில் மாதா படத்துக்குக் கீழே சின்ன விளக்கு எரிந்தது. டெரிக் வாசலில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். காவலாளியைப் பிடிக்கப் பார்க்கிறான் என்று கேத்தரின் சொன்னாள். அந்தப் பையன் அஸ்ஸாமுக்குப் போய்விட்டான், போன் எடுக்கவில்லை. டெரிக் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான்.

"கிடைக்கல ஆன்ட்டி," என்றாள் சங்கமித்ரா. "நான்தான் அழிச்சிட்டேன். அது என்ன ஃபைல்னு எனக்குத் தெரியல. மன்னிச்சிடுங்க."

கேத்தரின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானும் உங்கிட்ட உள்ளதைச் சொல்லியிருக்கணும். திருட்டுப் பட்டத்தை நாலு பேர் முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு வாய மூடிக்கிட்டேன்." பிறகு சங்கமித்ராவின் கையைப் பிடித்தாள். "திறக்கவே மாட்டேன்னுச்சு இல்ல அது? வேற வழியில்லாமத்தானே அப்படிச் செஞ்ச?"

அந்தக் கேள்வியில் குற்றம் சாட்டும் தொனி துளிகூட இல்லை. சங்கமித்ரா தப்பித்துப் போவதற்கு அவளே கதவைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது.

"ஆமா ஆன்ட்டி," என்றாள்.

கை இன்னும் கேத்தரினின் கைக்குள்தான் இருந்தது. "நாளைக்கு நானும் வர்றேன். நான்தான் அழிச்சேன்னு அவங்ககிட்ட நானே சொல்றேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அந்த வளாகத்தின் கிளப் ஹவுஸில் விசாரணை நடந்தது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே நீச்சல் குளத்தில் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் குடியிருப்போர் சங்கச் செயலாளரும், டெரிக்கை வேலைக்கு வைத்த ஏஜென்சியின் மேனேஜரும். கேத்தரினை வெளியே சோபாவில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

சங்கமித்ரா எழுந்து நின்று, தான் டிஸ்கை அழித்ததைக் கன்னடத்தில் சொன்னாள். எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர் இருந்தது, பெரிய ஃபைல்கள் இருந்தன, ஒன்றைத் தட்டிப் பார்த்தும் திறக்கவில்லை, அவை இப்போது இல்லாமல்போனதற்குத் தானே காரணம் என்றாள்.

செயலாளர் மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்க அந்த வீடியோவைப் பார்த்தீங்களா?"

"இல்ல சார். திறக்கல."

"அப்போ அதுல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது. ஆனா..."

"தேங்க்ஸ், மேடம். நீங்க உட்காரலாம்."

குப்பை பிரிக்கும் இரண்டு பெண்கள் டெரிக் எங்களோடுதான் இருந்தான் என்று சொன்னார்கள். சூப்பர்வைசருக்காக அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றார் மேனேஜர். கடைசியில் ஒரு தாளை டெரிக்கின் முன்னால் நகர்த்தினார். தானாகவே வேலையை விட்டுப் போவதாக எழுதிக் கொடுத்தால் விஷயம் இத்தோடு முடியும், இல்லையென்றால் அந்த வீட்டம்மா போலீஸுக்குப் போவாள் என்றார். டெரிக் தாளை இரண்டு தடவை படித்தான். கண்ணாடிக்கு வெளியே சோபாவில் இருந்த அம்மாவைப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான்.

சிவாஜிநகர் போகும் பஸ்ஸில் மூவருக்கும் கடைசி நீள இருக்கையில் இடம் கிடைத்தது. கேத்தரின் ஜன்னலோரம், நடுவில் டெரிக், இந்தப் பக்கம் சங்கமித்ரா. மகாதேவபுராவைத் தாண்டியதும் வண்டிகள் அசையாமல் நின்றன. மழை பிடித்தது. கண்டக்டர் ஜன்னல்களை மூடச் சொன்னான். உள்ளே புழுங்கியது.

டெரிக் முன் இருக்கையின் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அக்கா, ஒண்ணு கேக்கட்டா? டி டிரைவ்ல இருந்த ஃபைலைத் தட்டிப் பார்த்தேன்னு அங்க சொன்னீங்க இல்ல."

"ம்."

"திறக்கவே மாட்டேன்ன லேப்டாப்ல எப்படித் தட்டிப் பார்த்தீங்க?"

பென்டிரைவில் வேறொரு விண்டோஸைப் போட்டுத் திறந்தேன் என்று சங்கமித்ராவால் சொல்ல முடியும். நம்பக்கூடிய பொய்தான், உண்மையிலேயே அப்படியும் திறக்கலாம். நேற்று ஒரு 'ஆமா' சொன்னாள். இன்னொன்று சொல்ல நாக்கு எழவில்லை.

"திறந்துச்சு டெரிக். பேட்டரி மாத்தி பழைய மோடுல போட்டதும் திறந்துச்சு. உன் போட்டோகூட வந்துச்சு."

"அப்புறம்?"

"அப்படியே கொடுத்திருக்கலாம். அது பழைய முறை, ஸ்லோவா இருந்துச்சு. புது முறைக்கு மாத்தினா நல்லா இருக்கும்னு நானா மாத்தினேன்."

"யாரு மாத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். கோபத்தைவிட, புரியாத ஒன்றைப் பார்க்கிறவனின் முகம்தான் இருந்தது. "நல்லா இருக்கும்னு," என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னான். டின் ஃபேக்டரியில் பஸ் நின்றபோது எழுந்து, கொட்டுகிற மழையில் இறங்கிப் போனான். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

இருவருக்கும் நடுவில் அவனுடைய இடம் காலியாக இருந்தது. கேத்தரின் அதில் தன் பையை எடுத்து வைத்தாள்.

"ஆன்ட்டி..."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம் நீ," என்றாள் கேத்தரின், ஜன்னலைப் பார்த்தபடி. "மடத்துல போன் எப்பவும் என் பக்கத்துலதான் இருக்கும்."



அந்த வளையல்கள் கிடைத்தனவா, வேறு யாரும் பிடிபட்டார்களா என்று ஜீவனஹள்ளியில் யாருக்கும் தெரியவில்லை. வேறு ஏஜென்சிகளில் டெரிக் கேட்டுப் பார்த்தான். பழைய இடத்துக்குப் போன் செய்து விசாரித்ததும் எல்லோரும் பின்வாங்கினார்கள். கடைசியில் ஹொஸ்கோட்டே பக்கம் ஒரு பார்சல் கிடங்கில் மூட்டை இறக்கும் வேலைக்குப் போனான். அங்கேயே தங்கல், ஞாயிறு மட்டும் வீடு. அந்த ஞாயிறுகளிலும் அவன் கோயிலுக்குப் போவதில்லை, படுத்தே கிடக்கிறான் என்று பேக்கரிக்காரர் சொல்லித்தான் சங்கமித்ராவுக்குத் தெரிந்தது. கேத்தரின் இப்போது எதிர்ப்பக்க நடைபாதையில் போனாள். கடையிருக்கும் பக்கம் தலை திரும்புவதில்லை.

நரேஷ் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. "எல்லாருக்கும் ஆகுறதுதான் அக்கா, விடுங்க," என்றான். அவளும் தினமும் வந்தாள், திறந்தாள், கழற்றினாள், மாட்டினாள். வேலையில் கை முன்பு போலவே ஓடியது. ஆனால் எந்த லேப்டாப் சரியாகித் திறந்தாலும் அத்தோடு மூடி வைத்துவிடுவாள். வீட்டிலும் வெகுநாள் சொல்லாமல் இருந்தாள். ரவியிடம் ஒரு நாள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, நீ வேண்டுமென்று செய்யவில்லையே என்றான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

டெரிக்கின் லேப்டாப் கடை அலமாரியிலேயே கிடந்தது. எடுத்துப்போக யாரும் வரவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு மத்தியானம் கேத்தரின் சாலையைக் கடந்து வந்தாள். ஆள் மெலிந்திருந்தாள்.

"அதைக் கொடு. மடத்து டீச்சர் ஒருத்தி வாங்கிக்கிறேன்னு சொல்றா."

சங்கமித்ரா தூசியைத் துடைத்துச் சார்ஜரோடு எடுத்து வைத்தாள். "டெரிக் எப்படி இருக்கான் ஆன்ட்டி?"

"இருக்கான்."

"வாங்குறவங்க கேட்டா நல்லா ஓடுதுன்னு சொல்லுங்க. ஒரு கோளாறும் இல்ல."

கேத்தரின் அவளைப் பார்த்தாள். "எழுதிக் கொடு," என்றாள்.

"ஆன்ட்டி?"

"நீ சொன்னதை ஒரு பேப்பர்ல எழுதி, கீழ உன் பேரைப் போட்டுக் கொடு."

சங்கமித்ரா கடையின் ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தாள். லேப்டாப்பின் மாடல், டிஸ்க், மெமரி, எல்லாவற்றையும் தமிழில் எழுதினாள். கோளாறு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கேத்தரின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக உதடசைத்துப் படித்தாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். தாளை நான்காக மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனாள்.